அவள் புருஷன் பர்மனன்ட், என் புருஷன் டெம்பரரி

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் இரண்டு வார்த்தைகளைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன். ஒன்று பர்மனன்ட், இன்னொன்று டெம்பரரி. இரண்டையும் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. என் கொழுந்தனின் மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, தினமும் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து படித்தேன்.

எழுபதுகளில் மலையாள நாட்டு எல்லைக்குள் எலப்புள்ளிப் பக்கம் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். வாசல் ஒன்று, கிணறு ஒன்று, அடுப்படி ஒன்று. என் வீட்டுக்காரர் மூத்தவர், அவள் வீட்டுக்காரர் இளையவர். மாமனார் காலமாகிவிட்டார். மாமியார் மட்டும் இருந்தார், குரலில் நான்கு ஆள் பலத்தோடு.

மாமனார் போனபோது என் வீட்டுக்காரர் படிப்பை விட்டுவிட்டு ஏரைப் பிடித்தார். அவர் உழுத எங்கள் புஞ்சைக் காட்டில் விளைந்த நிலக்கடலையில்தான் தம்பி மலம்புழை போய் ஐ.டி.ஐ. படித்தார். படித்து முடித்த கையோடு கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் கஞ்சிக்கோட்டில் பொட்டல் காடெல்லாம் கம்பெனியாக மாறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் தம்பியை பர்மனன்ட் ஆக்கினார்கள். அடுத்து வந்த வறட்சியில் எங்கள் கிணறு வற்றியது. தோட்டத்தை நம்பிப் பயனில்லை என்று என் வீட்டுக்காரரும் அதே கம்பெனிக்குப் போனார். படிப்பு இல்லை, அதனால் டெம்பரரி.

இதில் தப்பு யார் மேல் என்று கேட்டால் யார் மேலும் இல்லை. அதுதான் என் எரிச்சல். யார் மேலாவது தப்பு இருந்திருந்தால் வாய்விட்டுச் சண்டையாவது போட்டிருப்பேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவள். வேலந்தாவளத்துப் பக்கம் பிறந்த வீட்டிலிருந்து வரும்போது என் பள்ளிக்கூட அகராதியையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அதைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுக்கு நிலையானது என்றும் மற்றதற்குச் சிறிது காலம் மட்டும் இருப்பது என்றும் போட்டிருந்தது. பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளத்தில் ஸ்திரம், தாற்காலிகம் என்பார்கள். எந்தப் பாஷையில் பார்த்தாலும் அந்தப் பொருள் எங்கள் வீட்டில் நடந்ததோடு ஒத்துவரவில்லை.

பள்ளிக்கூடத்தில் எதிர்ச்சொல் நடத்தும்போது பகல், இரவு என்பார் டீச்சர். உள்ளே, வெளியே என்பார். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்காது, அதனால் எதிர் என்று எழுதிக்கொண்டோம். இங்கே பார்த்தால் இரண்டும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே சட்டியிலிருந்து சோறு சாப்பிட்டன. அண்ணனும் தம்பியும் விடிவதற்கு முன்னால் ஒரே சைக்கிளில் கிளம்புவார்கள். பெரும்பாலும் அண்ணன்தான் மிதிப்பார். கம்பெனி கேட் வந்ததும் இறங்கி ஆளுக்கு ஒரு வரிசையில் நிற்க வேண்டும். தம்பிக்குப் பித்தளை டோக்கன். அண்ணனுக்குக் காகிதத் துண்டு, அதுவும் அன்றன்றைக்கு.

பர்மனன்ட் ஆட்களுக்குக் கம்பெனியில் காக்கித் துணி கொடுப்பார்கள். பூட்ஸ் கொடுப்பார்கள். ஓணத்துக்கு போனஸ், உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரி அட்டை, எடுத்துக்கொள்ள லீவு. மாதா மாதம் ஒரு சிவப்புக் கட்டி சோப்பு. மற்றதெல்லாம் கூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிடும். அந்தச் சோப்பு இருக்கிறதே, அதன் வாசனை பொடக்காணியிலிருந்து, அதாவது நாங்கள் குளிக்கிற கொல்லைப்புறத்திலிருந்து, புறப்பட்டு வாசல் வரைக்கும் வரும். அவள் தன் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டையைக் கல்லில் அடித்துத் துவைக்கும்போது நான் பக்கத்திலேயே என் வீட்டுக்காரரின் கிழிந்த பனியனை வெறும் தண்ணீரில் கசக்குவேன். எண்ணெய்க் கறை போகாது. எனக்கு அழுகை அழுகையாக வரும். அவள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கசக்குவேன்.

ஒரு தடவை அவள் அந்தச் சோப்பை நூல் போட்டுச் சரிபாதியாக அறுத்து, ஒரு பாதியை என் பக்கத்துக் கல்லில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் தொடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மழை பெய்தது. கல்லிலேயே கரைந்து சிவப்பாக ஓடியது. எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாகக் கூட இருந்தது.

என் மாமியாருக்கு அந்த வார்த்தைகள் மேல் கொள்ளை ஆசை. வாயில் நுழையாது, ஆனாலும் விடமாட்டார். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் முதல் பேச்சே அதுதான்.

"என்ற சின்னவன் பருமனென்ட்டுங்க. இனி அவனை யாரும் அசைக்க முடியாது பாத்துக்குங்க."

"பெரியவருங்க?" என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

"அவன் டெம்ரவரி" என்பார் மாமியார், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோலக் குரலைத் தணித்து.

மாட்டுக்கும் அந்த வார்த்தைதான். பால் வற்றிய எருமையைக் காட்டி, இது டெம்ரவரி, அடுத்த சந்தைக்கு வேலந்தாவளம் ஓட்டிவிட வேண்டியதுதான் என்பார். அவர் மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்பவர் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்று தைக்கும். பெரிய மருமகள் நான். இந்த வீட்டில் முதலில் விளக்கேற்றியவள் நான். அவள் வந்த பிறகு காலையில் அவள் வீட்டுக்காரருக்குத்தான் முதல் டம்ளர் காப்பி. ஷிப்டுக்கு நேரமாகிறதாம். என் வீட்டுக்காரரும் அதே ஷிப்டுக்குத்தான் போனார், அதே சைக்கிளில்.

பொறாமை என்றால் அவளிடம் இருப்பது எனக்கு வேண்டும் என்கிற ஆசை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது மட்டும் போதாது. ஒரே ஒரு நாளாவது அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். அவள் வயிறு எரிவதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் பர்மனன்ட் ஆகிவிட்டால் அது நடக்கும் என்று நினைத்தேன். ஏனென்றால் மூத்தவர் என்கிற இடமும் எங்களிடம்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்துவிட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

அழகில் அவள் என்னைவிட ஒரு படி மேல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். சிரித்தால் வீடு நிறைந்த மாதிரி இருக்கும். என் குழந்தைகள் கூடப் பசித்தால் அவளிடம்தான் ஓடும். அந்தக் கணக்கும் உள்ளே இருந்தது.

டெம்பரரி என்றால் சிறிது காலம் என்று அகராதி சொன்னதே, அந்தச் சிறிது காலத்தைக் கம்பெனிக்காரர்கள் எப்படி இழுத்தார்கள் என்று சொல்கிறேன். விடாமல் இத்தனை நாள் வேலை செய்தால் ஒருவரை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்று ஒரு சட்டம் உண்டு. அந்த நாள் நெருங்கும்போது கேட்டில் காகிதத் துண்டு கொடுக்க மாட்டார்கள். பிரேக் என்பார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டு, பிறகு புது ஆள் மாதிரி மறுபடியும் எடுப்பார்கள். எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பிக்கும். இப்படியே வருஷங்கள் ஓடின. அந்தக் கம்பெனியில் அசையாமல் நின்றது என் வீட்டுக்காரரின் டெம்பரரிதான்.

பிரேக் விட்ட நாட்களில் அவருக்கு என்னவோ வருத்தமே இருக்காது. விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். வரப்பை வெட்டுவார், கிணற்று மேட்டில் உட்கார்ந்து காளைகளோடு பேசுவார். சாயங்காலம் கை நிறையப் பனங்கிழங்கோடு வருவார். எனக்கு அவர் சிரிப்பைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

"ஏனுங்க, உங்களுக்கு ரோசமே இல்லீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எதுக்குப் புள்ள ரோசம்? வேலை குடுத்தாப் போறேன், குடுக்காட்டி காட்டைப் பாக்கறேன்."

"தம்பி பித்தளைத் துண்டை மாட்டீட்டுப் போறாரு. நீங்க காகிதத்துக்குக் கை நீட்டீட்டு நிக்கறீங்க."

"அவன் படிச்சான். நானா படிக்க வேண்டாம்னு சொன்னேன்? நாந்தான படிக்க வெச்சேன்" என்றார். அதில் அவருக்குப் பெருமை. எனக்கோ இவர் இப்படி இருக்கிறாரே என்று அவர் மேலும் ஒரு பொறாமை வந்தது. ஒரு வீட்டில் ஒருத்தியே எத்தனை பேரைப் பார்த்துத்தான் எரிவது?

எமர்ஜென்சி வந்த பிறகு கம்பெனியில் சத்தம் அடங்கியது. யூனியன்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு பங்குனியில்தான் நான் சொல்ல வந்த காரியம் நடந்தது.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, பங்குனியில் வரும். கோயிலில் கம்பம் நட்டதும் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் துணியில் முடிந்த அந்தக் காப்பை எல்லாரும் கட்டிக்கொள்ள முடியாது. பூவோடு என்கிற நெருப்புச் சட்டியை எடுக்கிற உரிமை உள்ள சில வீடுகளில், வீட்டுக்கு ஒரு ஆண். எங்கள் வீடு அதில் ஒன்று. மாமனாருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கையில் இருந்தது. காப்புக் கட்டியவர் நோம்பி முடிந்து மஞ்சள் நீர் ஊற்றுகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அவர் மனைவிதான் முதல் மாவிளக்கை ஆத்தாவுக்கு முன்னால் வைக்க வேண்டும். அதாவது நான். வருஷம் முழுவதும் இரண்டாம் டம்ளர் காப்பி கொடுத்தவர்கள் அன்றைக்கு எனக்கு வழிவிட்டு நிற்பார்கள். அவளும் நிற்பாள். அந்த ஒரு நாளுக்காகவே நான் புதுப்புடவையை மடிப்புக் கலையாமல் வைத்திருப்பேன்.

எல்லா வருஷமும் நோம்பி சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு பிரேக் வந்துவிடும், இல்லாவிட்டால் இவரே நின்றுவிடுவார். அந்த வருஷம் அப்படி இல்லை. சுற்று வட்டாரத்தில் எல்லா ஊரிலும் நோம்பி. பர்மனன்ட் ஆட்கள் பாதிப் பேர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உலையை அணைக்க முடியாது. சூப்பர்வைசர் இவரைக் கூப்பிட்டு, இந்த நோம்பி முடிகிற வரைக்கும் ஒரு நாள் கூட நிற்காமல் வந்தால் உன்னை ஸ்திரமாக்கச் சொல்லி மேலே நான் பேசுகிறேன் என்று மலையாளத்தில் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் இனி கேட் பக்கமே வர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். மாமியார்தான் முதலில் பேசினார்.

"காப்பு யாரு கட்டறது அப்ப?"

"தம்பிக்கு லீவு இருக்குதுங்கம்மா. இந்த வருசம் அவன் கட்டட்டும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கு வேண்டாமுங்ணா" என்றார் கொழுந்தன். "அண்ணனிருக்கீல நான் கட்டுனா நல்லாருக்காதுங்."

ஓரகத்தி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஆசை தெரிகிறதா என்று தேடினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நடிப்பு என்று நினைத்தேன்.

கம்பம் நடுவதற்கு முன்னால் கோயில் மைதானத்தில் ஊர்ப் பெரியவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். வீட்டில் எல்லாருமே போனோம். பெண்கள் நாங்கள் வேப்ப மரத்தடியில் நின்றோம். என் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"இந்த வருசம் மட்டும் தம்பி கட்டிக்கட்டுமுங்க. டெம்பரரியாத்தானுங்க."

பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "அதென்னப்பா அது?"

"கொஞ்ச நாளைக்கு மட்டுமுங்க. அடுத்த நோம்பிக்குப் பழையபடி நானே கட்டிக்குவனுங்க."

அங்கே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு வருஷம் கம்பெனியில் இருந்து இருந்து, எதையும் கொஞ்ச நாளைக்கு மாற்றி வைத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இவருக்குப் பழகிவிட்டது. எனக்கும்தான். எங்கள் வீட்டில் யாருக்குமே அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை.

"ஆத்தா காப்புல அப்படியொண்ணு கெடையாதப்பா" என்றார் பெரியவர். அவர் கோபப்படவில்லை. "உன்ற கையிலருந்து ஒருக்கா எறங்கி அவன் கையில ஏறுச்சுன்னா, அவனிருக்கற மட்டும் அவன் கையிலதான். அவனுக்கப்பறம் அவன் மவனுக்கு. உங்கொப்பனுக்கும் அப்பிடித்தான் வந்துது, அவங்கண்ணன் மைசூருக்குப் போனப்ப. வேண்டாம்னா இப்பவே சொல்லு. இன்னும் நேரம் இருக்குது."

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு பேர் நடுவில் ஒரு ஆண் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்ப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. ஆனாலும் பார்த்தார். அவருக்கு விட மனமில்லை என்று கண்ணில் தெரிந்தது. நான் ஒரு பக்கம் தலையாட்டினால் கம்பெனி போய்விடும். இன்னொரு பக்கம் ஆட்டினால் காப்பு போய்விடும்.

ஒன்று நிலையானது. அது பரம்பரையாக வந்தது, யாரும் பிரேக் விட முடியாதது. இன்னொன்றுக்குப் பெயர்தான் நிலையானது, இன்னும் கைக்கு வரவே இல்லை, ஒரு சூப்பர்வைசரின் வாயில் இருந்தது. எந்தக் கிறுக்கியும் முதலாவதைத்தான் எடுப்பாள். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் காப்பு வருஷத்துக்கு ஒரு நாள். சிவப்புச் சோப்பு வாசனை வருஷம் முழுவதும். நான் கம்பெனிக்கே போங்கள் என்பதுபோலத் தலையாட்டினேன்.

தம்பி கையில் காப்பு ஏறியது.

நோம்பி நடந்த நாட்களில் என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். கொட்டுச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டதாம், கஞ்சிக்கோடு நெருங்க நெருங்கக் குறைந்ததாம். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆள் குறைவு என்பதால் உலைக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே ரோமம் எல்லாம் கருகிப்போய் வந்தார். நான் விளக்கெண்ணெய் தடவிவிட்டேன்.

மாவிளக்கு அன்றைக்கு அவளுக்கு நான்தான் தலை பின்னிவிட வேண்டியிருந்தது. மாமியார் சொல்லிவிட்டார். அவள் கூந்தல் கனம். நான் பின்னிய பின்னலில் என் கோபம் எல்லாம் இருந்தது, அவளுக்கு வலித்திருக்கும், ஆனால் அவள் ஸ் என்று கூடச் சொல்லவில்லை. கோயிலில் கூட்டம் விலகி அவளுக்கு வழிவிட்டது. நான் இரண்டாவதாக நின்றேன். என் தட்டில் இருந்த மாவிளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, அதை யார் பார்த்தார்கள்?

ஆத்தா முன்னால் போனதும் அவள் திரும்பினாள். "அக்கா, நீங்க மொதல்ல வெய்யுங்" என்று மெதுவாகச் சொல்லி ஒதுங்கினாள்.

அது பூசாரி காதில் விழுந்துவிட்டது. "காப்புக்காரன் ஊட்டு வெளக்குதாம்மா மொதல்ல. வெய்யி."

அவள் வைத்தாள். பிறகு நான் வைத்தேன். இந்தப் பெருந்தன்மைதான் எனக்கு ஆகாது. மிதப்பாக ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், எனக்கு ஜென்மத்துக்கும் அதை வைத்துக்கொண்டு அவளை வெறுக்க முடிந்திருக்கும். ஒரு பிடி கூடக் கொடுக்காமல் ஒருத்தி இருந்தால் எப்படித்தான் பொறாமைப்படுவது? ஆனாலும் பட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

நோம்பி முடிந்தது. வைகாசி வந்தது. கம்பெனியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சூப்பர்வைசரைப் பார்த்தால் பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறார் என்று இவர் சொன்னார். ஆடியில் மறுபடியும் பிரேக் விட்டார்கள். நான் பொடக்காணிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். கையில் இருந்த நிலையானதைக் கொடுத்துவிட்டு, நிலையில்லாததையே திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். அகராதியை வைத்துக்கொண்டு நான் ஒப்பிட்டதெல்லாம் வீண். இரண்டு வார்த்தைக்கும் உண்மையில் ஒரே பொருள்தான், பிறத்தியார் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. என் வீட்டுக்காரர் காட்டுக்குப் போனார். இந்த முறை பனங்கிழங்கோடு சிரித்துக்கொண்டு வரவில்லை. கோயில் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால், எதிர்பார்ப்பு எல்லாம் விட்டுப்போன பிறகு, ஆர்டர் வந்தது. அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் வந்தார்கள். தம்பி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார், அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தார். இறங்கி என் கையில் காகிதத்தைக் கொடுத்தார். இங்கிலீஷ். நான் அந்த ஒரு வார்த்தையை மட்டும் தேடினேன். இருந்தது.

மாமியார் இருந்த இடத்தில் இருந்தே ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "என்ற மக்க ரெண்டு பேரும் பருமனென்ட்டு." கொழுந்தன் கடைக்குப் போய் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தார். குழந்தைகள் குதித்தார்கள். என் வீட்டுக்காரர் கை கால் கழுவிவிட்டு வாசலில் உட்கார்ந்தார். சந்தோஷமாக இருந்தாரா என்று இன்றைக்கு யோசித்தால் எனக்கு ஞாபகம் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வேறொரு முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஓரகத்தி அப்போது கட்டுத்தரையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானே சொல்ல வேண்டும் என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனேன். எத்தனை வருஷமாகக் காத்திருந்த நிமிஷம் அது. இனி இரண்டு வீட்டுக்கும் காக்கி, இரண்டு வீட்டுக்கும் சோப்பு. அவளிடம் தனியாக இருந்த ஒன்று இனி இல்லை. அந்தச் சேதி அவளுக்குள் இறங்கும்போது அவள் முகம் என்ன ஆகிறது என்று நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஆர்டர் வந்துருச்சு" என்றேன். "பர்மனன்ட்."

அவள் கையை அப்படியே தவிட்டுத் தொட்டியில் வைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். நான் அவள் கண்ணையும் வாயையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தேடினேன் என்றே சொல்லலாம். கண்ணில் தண்ணீர் நிறைந்தது. உதடு நடுங்கியது. இதோ வந்துவிட்டது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் எழுந்து, தவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூடத் தெரியாது. தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"நான் ஆத்தாகிட்ட வேண்டீட்டிருந்தனுங்க்கா. நோம்பியிலிருந்து தெனமும்" என்றாள்.

மாடு தொட்டியை முட்டியது. அவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள், ஆனால் கையை விடவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இனிமேலாவது எங்கூட நல்லாப் பேசுவீங்களாக்கா?"

இத்தனை வருஷமும் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கல்லில் கரைந்த சோப்பு தெரிந்திருக்கிறது. பின்னலை நான் இழுத்த இழுப்பு தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, நான் மாறுவதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவள் புருஷனின் வேலைக்காக எரிந்துகொண்டிருந்த அத்தனை நாளும் அவள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.

"பேசறங்கண்ணு" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.